ஹில்யாவைக் கழித்தபின்

1957 நவம்பரிலிருந்து வடகோடியிலுள்ள எங்கள் பெதாயார்வி ஊரின் காந்த அளவீட்டு நிலையத்து ஊசி தினமும் பிற்பகல் நான்கு மணிக்குப் பதினொரு கோண நிமிடம் விலகி நின்றது. ஹில்யா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் கணவர் தாவெத்திதான் நிலையக் காவலர். நான்கு மணிக்கு அவர் பிர்ச் மரக் குவளைகள் இரண்டில் காப்பி ஊற்றுவார், ஒன்றைக் குடிப்பார்.

வேகமான எலக்ட்ரான்கள் விண்வெளியிலிருந்து பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர்மேல் இறங்கும். அவை மோதுகிற காற்று மின்சாரத்துக்குப் பாதையாகும். அதில் ஓடும் மின்னோட்டம் கீழேயுள்ள ஊசியைத் தள்ளும். மிதமான வேகத்தில் வருபவை நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே துருவ ஒளியின் பச்சைத் திரை விரித்து, வேடிக்கை பார்க்க ஊரைக் கூட்டும். மிக வேகமானவை இன்னும் கீழே வரும், அதிக வெளிச்சம் காட்டாது, வானொலியை மட்டும் ஊமையாக்கும். நான்கு மணிக்குத் தாவெத்தியின் வானொலி ஊமையானது. அதற்குள் இருட்டிவிட்ட குளிர்கால வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பேச்சில் ஹில்யா என்றால் சத்தமில்லாதவள்.

தலைமை அலுவலகம் வேறு மாதிரி நினைத்தது. இரும்பு பக்கத்தில் இருந்தால் ஊசி விலகும் என்பதால் நிலையத்தில் ஆணிகூடச் செம்பில்தான். காவலர் இரும்பை உள்ளே கொண்டுபோகிறார், நிறுத்தாவிட்டால் வேலையும் வீடும் போகும் என்று கடிதம் வந்தது. பிப்ரவரியில் ஆய்வாளர் சாலோவாரா வந்தார்.

"யோவ், பையில என்னய்யா? சாவியா?"

"சாவியே இல்லீங்க. பூட்டி வெக்க உள்ள யாரு இருக்கா?"

ஆய்வாளர் நம்பவில்லை. இருவரும் சவுனா என்னும் நீராவி அறையில் வியர்த்துக் குளித்து, துணியில்லாமலே பனியில் நடந்து ஊசியறைக்குப் போனார்கள். தாவெத்தியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்தார். நான்கு மணிக்கு ஊசி விலகியது. மறுநாள் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊசி வைத்தார்; அது அசையவில்லை. வானத்து ஓட்டமென்றால் இரண்டும் அசைந்திருக்கும். ஆகவே இந்த ஓட்டம் இந்தக் கூரைக்கு ஒரு முழம் மேலேதான் ஓடுகிறது என்று முடிவுசெய்தார். பதிவேட்டில் கோடிழுத்துப் புதிதாக ஒரு பத்தி போட்டு, இரண்டாவது குவளை யாருக்கென்று கேட்டு, தலைப்பில் 'ஹில்யா' என்று எழுதினார். இனி ஊசி காட்டும் அளவிலிருந்து தினமும் அதைக் கழித்துவிட வேண்டும், காவலர் வேலையில் இருக்கலாம் என்றார்.

தாவெத்தி அந்தப் பத்தியின் தலைப்பில் விரல் வைத்தார்.

"கழிச்சிட்டா அவ இல்லேன்னு ஆயிடுமாங்க?"

"இருக்கறதத்தான்யா கழிக்க முடியும்," என்றார் ஆய்வாளர், இரண்டாவது குவளையைத் தொடாமல்.

தாவெத்தி 1971இல் இறந்தார். அந்த மாதமே நான்கு மணி விலகல் இரண்டு மடங்கானது. இப்போது நிலையத்தில் கணினிதான் எல்லாம். அதுவும் தினமும் நான்கு மணிக்கு இரண்டு பேரைக் கழித்துவிட்டு, மீதியை வானம் என்று எழுதுகிறது.