யார்மோ போட்ட இதயங்கள்

கண் விழித்ததும், காபிக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால், மெர்வி போனைக் கையில் எடுப்பாள். அதில் தன் காதலன் யார்மோவின் பக்கத்தைத் திறப்பாள். புதிதாக யாரைப் பின்தொடர்கிறான், யார் படத்துக்கு என்ன குறி போட்டிருக்கிறான், ராத்திரி கடைசியாக எப்போது பச்சைப் புள்ளி எரிந்தது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலை விட்டு இறங்குவாள். யார்மோ பாவம், பொக்லைன் ஓட்டுகிறவன். அவன் பக்கத்தில் இருந்ததெல்லாம் தோண்டிய பள்ளங்கள், ஒரு நாய், மெர்வியின் பிறந்தநாள் கேக். கேக் படமும் தலைகீழாக இருந்தது. இப்படிப்பட்ட ஆளை வேவு பார்ப்பதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். மெர்விக்கு அது இருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. அவளை முதலில் கட்டியவன் எஸ்கோ. தெற்கே துர்க்கு நகரில் இருந்தவளை எங்கள் வடக்குக்குக் கூட்டிவந்து குடிவைத்தவனும் அவன்தான். அவன் ஒருத்தியின் படங்களுக்கெல்லாம் விழுந்து விழுந்து இதயம் போட்டுக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. மெர்வியிடம் அப்போது படம் போடும் அந்தச் செயலியே கிடையாது. பெட்ரோல் பங்க் காபிக்கடையில் அவள் சூப் ஊற்றி நீட்டும்போது, தட்டை வாங்குகிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஏன் என்று புரிய ஒரு குளிர்காலமே ஆயிற்று. எஸ்கோ போனதைவிட அந்தக் குனிந்த தலைகள்தான் அவளை அதிகம் சுட்டன. இனி எதுவானாலும் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

இந்தக் கோடையில் யார்மோ ஒரு கேள்வி கேட்டிருந்தான். கேள்வி என்றால் அவன் பாணியில்தான், சௌனா என்கிற நீராவிக் குளியலறையைச் சாக்காக வைத்து.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சௌனாவ சூடு பண்றேன். ஒரு ஆளுக்கு இவ்வளவு வெறகு தண்டம். அந்த ஃபிளாட்ட விட்டுட்டு இங்கயே வந்துடேன்."

மெர்விக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் உடனே சரி சொல்லவில்லை. "ஆகஸ்ட் பொறக்கட்டும், சொல்றேன்" என்றாள். ஃபிளாட்டை விட்டுவிட்டால் ஒரு பின்வாசலை மூடுவது மாதிரி. மூடுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பார்த்ததில் வசமாக ஒன்று மாட்டியது.

"ஏண்டி, சூப்பு அடி பிடிக்குது, நீ போனப் பாத்துட்டு நிக்கிற!" என்று கத்தினாள் தைனா. கடையில் கூட வேலை பார்ப்பவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

"விர்ப்பி படத்துக்கு யார்மோ ஹார்ட்டு போட்டிருக்கான்."

"எந்த விர்ப்பி, தபால்காரியா?"

"ஊர்ல வேற எந்த விர்ப்பி இருக்கா?"

விர்ப்பி மஞ்சள் வண்டியில் தபால் போடுகிறவள். புருஷன் போய் வருஷங்கள் ஆகின்றன. நாற்பது தாண்டியும் அந்த இடுப்பு அப்படியே இருக்கிறதே என்று பெண்களே பேசிக்கொள்வார்கள். அவள் போட்டிருந்த படத்தில் கொசுவலைத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, வெயிலில் மூக்குச் சிவந்து, வாளி நிறைய ஹில்லாப் பழத்தோடு சதுப்பில் உட்கார்ந்திருந்தாள். சதுப்பில் மட்டுமே விளையும் அந்தத் தங்க நிறப் பழத்துக்கு எங்கள் பக்கம் ஜூலை மாதத்தில் பாதி ஊர் பைத்தியமாகிவிடும்.

"ஹில்லா படம்னா யாருதான் போட மாட்டா? போடி" என்றாள் தைனா.

"அவன் ஜென்மத்துல ஹார்ட்டு போட்டவன் இல்லடி. எனக்கே கட்டைவிரல்தான்."

"காட்டு, பாப்போம்."

மெர்வி மறுபடி திறந்தாள். யார்மோவின் பெயர் அங்கே இல்லை. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். போட்ட இதயத்தை அவன் திரும்ப எடுத்துவிட்டிருந்தான். தைனா கரண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். "போட்டதுகூடப் பரவால்ல... எடுத்துட்டான் பாரு, அதான் இடிக்குது" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் மெர்வி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தைனாவிடம் எதுவும் சொல்வதில்லை என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு நடந்ததையும் சொல்லியிருந்தால் ஊர் வழக்கம் தெரிந்த தைனா உடனே விளக்கியிருப்பாள். வெட்கம் ஆளை அப்படித்தான் சுற்றலில் விடும்.

விர்ப்பி இன்னொரு படம் போட்டாள். இதயம் வந்தது, போயிற்று. அடுத்த படத்துக்கு ஒரே காலையில் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் மறைந்தது. மெர்வி கடையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஏலக்காய் ரொட்டி எடுத்துக்கொண்டு சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போனாள். கார் இல்லை. போன் சமையலறை மேசையில் கிடந்தது. போன் இல்லாமல் ஒரு மனுஷன் எங்கே போவான்? மத்தியானம் வந்தான். முழங்கால் வரை ஈரம், கழுத்தெல்லாம் கொசுக்கடி, கையில் ஒன்றுமில்லை. முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

"எங்க போயிருந்த?"

"சும்மா. அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கந்தான்" என்று கையை ஆட்டினான். கை காட்டிய திசையில் ரஷ்ய எல்லை வரை காடுதான்.

அன்று சாயங்காலம் சௌனாவில் மேல் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சண்டை போடக் கூடாது என்பது எங்களுக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். குரலை உயர்த்தினால் நீராவிக்கே கோபம் வரும் என்று சொல்லி வளர்ப்பார்கள். மெர்வி குரலை உயர்த்தவில்லை. யார்மோ அடுப்பின் மேல் காயும் கல்லில் தண்ணீர் ஊற்றி, அது சீறி அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்:

"நான் ஃபிளாட்ட விடப்போறதில்ல, யார்மோ."

அவன் அகப்பையைத் தொட்டியிலேயே விட்டுவிட்டான். "ஏன்?"

"விர்ப்பி."

"விர்ப்பிக்கு என்ன?"

"அவ படத்துக்கு ஹார்ட்டு போடற. அப்பறம் எடுத்துடற. நான் பாத்துட்டேன்."

வெக்கையில் ஏற்கெனவே சிவந்திருந்தவன் இன்னும் சிவந்தான். "அவளுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

"அப்போ ஏன் போட்ட, ஏன் எடுத்த?"

யார்மோ கல்லையே பார்த்தான். "அத சொன்னா வேற ஒண்ணையும் சொல்லணும்" என்றான்.

அவ்வளவுதான், மெர்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வையோடு வியர்வையாகப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். இவனைத் தனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அந்த நேரம் பார்த்தா தெரிய வேண்டும்! எழுந்து கதவைத் திறந்தாள். வெளிப்படியில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காலுறையை எங்கே போட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் அவன் வந்தான்.

"இரு. கொஞ்சம் இரு."

வீட்டுக்குள் போய்ப் போனை எடுத்துவந்தான். துண்டோடு படியில் உட்கார்ந்து, விர்ப்பியின் படத்தைத் திறந்து, மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"இவளப் பாக்காத. இவ பின்னால பாரு. தல முறிஞ்ச பைன் மரம் ஒண்ணு தெரியுதா?"

"இல்ல."

"பெருசாக்கினாத் தெரியும்." கரணைக்கிழங்கு போன்ற இரண்டு விரல்களால் படத்தை அகட்டினான். ஒரு விரல் நழுவியது. இன்னொரு தரம் குத்தினான். திரை நடுவில் ஒரு பெரிய சிவப்பு இதயம் துள்ளி எழுந்தது. "அய்யோ, போச்சு! மறுபடியுமா! இந்தச் சனியன் தொட்டாலே பூக்குது" என்று பதறிப்போய் அதை அழித்தான்.

மெர்வி திரையைப் பார்த்தாள், அவன் விரல்களைப் பார்த்தாள். "மரத்தையா பாத்த?"

"எங்கிட்ட ஒரு எடம் இருக்கு." இதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது, சுற்றிலும் ஈ காக்கை இல்லாதபோதும். "ஹில்லா எடம். அம்மா எனக்குக் காட்டினது. அங்க தல முறிஞ்ச பைன் ஒண்ணு நிக்குது. எங்க எடத்துல பழம் இன்னும் பழுக்கவே இல்ல, தெனம் போய்ப் பாத்துட்டு வரேன். இவ என்னடான்னா வாளி வாளியாக் காட்டறா. கண்டுபிடிச்சுட்டாளோன்னு எனக்குத் தூக்கமே இல்ல, மெர்வி."

"போன ஏன் வெச்சுட்டுப் போற?"

"பெந்தி கதை தெரியாதா? நடைக்கணக்கு பாக்கறேன்னு போனோட அவன் ஹில்லா எடத்துக்குப் போனான். அது அவன் நடந்த வழிய அப்படியே படமாப் போட்டு ஊருக்குக் காட்டிடுச்சு. மறுநாள் ஊரே வாளியோட அங்க நின்னுச்சு."

அப்போது அவன் கையிலேயே போன் ஒலித்தது. விர்ப்பியிடமிருந்து வந்திருந்தது. இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள்: 'யார்மோ, இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டியா? எவ்வளவு பெருசாக்கிப் பாத்தாலும் எடம் தெரியாது. அது போன வருஷத்துப் படம்.'

மெர்வி சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வந்து பார்த்தது. யார்மோ கொஞ்ச நேரம் மானம் போனவன் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். சிரித்து ஓய்ந்ததும் மெர்விக்குத் தன் பங்கையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நான் தெனம் காலைல உன் பக்கத்தப் பாக்கறேன். எல்லாத்தையும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒருநாள் விடிகாலைல என் பழைய பள்ளம் படம் ஒண்ணுக்கு ஹார்ட்டு போட்டு உடனே எடுத்துட்ட. போன் சொல்லிச்சு. ரொம்பப் பழைய பள்ளம், சாக்கடைக் குழாய்க்குத் தோண்டினது." தோளைக் குலுக்கினான். "உனக்குப் பள்ளம் புடிக்கும்போலன்னு நெனச்சேன்."

அவள் தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இத்தனை நாள் இவன் தெரிந்துகொண்டே, அதையும் தன்மேல் பிரியம் என்று எடுத்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறான். சௌனா அடுப்பில் வாட்டப் போட்டிருந்த சாசேஜ் கருகும் வாசனை வந்தது. யாரும் எழவில்லை.

வெகு நேரம் கழித்து யார்மோ சொன்னான்: "நாளைக்கு வெயில் வரும். மேட்டுப் பக்கம் கொஞ்சம் பழுத்திருக்கும். ரப்பர் பூட்ஸ் அம்மாவோடது இருக்கு, உனக்குச் சரியா இருக்கும். போனை மட்டும் இங்க வெச்சுடு."

மெர்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெற்கத்திக்காரியானாலும் இத்தனை வருஷம் சூப் ஊற்றியதில் ஊர்ப்பேச்சு காதில் விழாமலா போகும்? பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த முதல் பெண்டாட்டிக்கே அவன் அந்த இடத்தைக் காட்டியதில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. எங்கள் பக்கம் ஒருவன் மோதிரம் மாட்டிவிடுவான், வீட்டைப் பெயருக்கு எழுதிவைப்பான், ஹில்லா இடத்தை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டான்.

காலையில் அவள் போனை மேசையில் அவன் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நாள் பழக்கம் அல்லவா. பிறகு சதுப்பில் ஒவ்வோர் அடியாக அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் போனபோது, கொசுவை விரட்டவே இரண்டு கை போதவில்லை. தலை முறிந்த பைன் மரம் அவன் சொன்னபடியே நின்றது. அதன் அடியில் பாசிமேல் பழங்கள் மஞ்சளாகப் பளிச்சிட்டன. முதல் பழத்தை யார்மோ பறித்து, ஒன்றும் சொல்லாமல் அவள் உள்ளங்கையில் வைத்தான். பச்சைப் புள்ளி என்று ஒன்று இருப்பதே சாயங்காலம் வீடு திரும்பிய பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை சின்ன வாளி ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போனாள். தைனா எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"எங்கடி பறிச்ச?"

"காட்டுல."

"காட்டுல எங்க?"

"அந்தப் பக்கம்" என்று மெர்வி கையை ஆட்டினாள்.

தைனா கரண்டியைக் கீழே வைத்தாள். தலை குனியவில்லை. முகத்துக்கு நேராகப் பார்த்து, காது வரை சிரித்தாள். "ஃபிளாட்ட எப்போ காலி பண்ற?"

"இந்த வாரக் கடைசில. பெட்டி தூக்க நீயும் வரணும்."

மெர்வி வாளியைக் கடை மேசையில், நீலக்கோடு போட்ட மேசைவிரிப்பின்மேல் வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டாள். சூப்பைக் கிளறிவிட்டுத் திரும்புவதற்குள் ஓர் இதயம் வந்திருந்தது. விர்ப்பி. அடுத்த நொடி அது மறைந்துவிட்டது. இரண்டு வாரம் முன்பு இதே மாதிரி மறைந்த ஒன்றுக்காகப் போனைப் பைக்குள் ஒளித்தவள், அந்த நீலக்கோடுகளை விர்ப்பி விரலால் எவ்வளவு பெரிதாக்கித் துழாவியிருப்பாள் என்று நினைத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.