இருபத்திரண்டாவது சிகரம்

பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவள் அவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதைப் பதினெட்டு வருடமாகத் தீர்மானித்து வருபவள். அதே மூளையை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குச் செலவிட்டாள். மலையேறும் சங்கத்தின் பட்டியலில் இருந்த முப்பத்தாறு சிகரங்களையும் ஏறி முடிப்பது என்று நான்கு வருடத்துக்கு முன்னால் அவளும் தம்பியும் பேர் கொடுத்திருந்தார்கள். எந்த பஸ், எங்கே இறங்குவது, எத்தனை பாட்டில் தண்ணீர், எத்தனை மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும், எல்லாம் அவள் கணக்கு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தம்பியின் வேலை, பையைச் சுமப்பதும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவதும்.

அன்று மதிய இடைவேளையில் டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். இன்னும் இரண்டே சிகரம்தான் பாக்கி. கடைசியாக வைத்திருந்த முப்பத்தாறாவது ஒன்று. போன வருடம் பாதியில் விட்டு வந்த இருபத்திரண்டாவது இன்னொன்று. அந்தச் சமயத்தில் சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"வாழ்த்துகள்மா! இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த ஞாயிறு நாங்க எல்லாரும் உங்ககூட மேல வர்றோம். பேனர்கூட அடிக்கச் சொல்லிட்டேன்."

"ஒண்ணு இல்ல சார், ரெண்டு. இருபத்திரண்டு பாக்கி இருக்கே."

"அதான் போன மாசமே எழுதிக் குடுத்துட்டீங்களே. சாட்சின்னு உங்க கையெழுத்துகூட இருக்கு."

கூட ஏறியவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவள் அப்படி எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

போனை வைத்ததும் வரைபடத்தை மடித்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகத் தம்பியின் கடைக்குப் போனாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரை அவசர அவசரமாக அனுப்பிவைத்தான்.

"உக்காருக்கா. தண்ணி குடிக்கிறியா?"

"என் கையெழுத்த யாருடா போட்டது?"

"மெதுவா பேசு. கடைக்கு ஆள் வர்ற நேரம்."

"யாரு போட்டதுன்னு கேட்டேன்."

"நான்தான். இப்ப என்ன? உச்சிக்குக் கிட்ட வரைக்கும் போனோமா இல்லியா? கடைசிக் கொஞ்ச தூரத்துக்காக இன்னொரு வாட்டி அவ்வளவு மலையையும் ஏறணுமா? என் முட்டி படுற பாடு உனக்குத் தெரியாதா?"

"முட்டி வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. ஒரு மாசம் தள்ளிப் போடுவேன். ஒரு வருஷம்கூட தள்ளிப் போடுவேன். என்னை எதுக்குடா பொய் சொல்ல வச்ச?"

"நீயா சொன்ன? நான்தானே எழுதினேன்."

"என் பேர்லடா!"

மேசையில் அவள் அடித்த அடியில், தட்டில் இருந்த குட்டி ஸ்க்ரூக்கள் சிதறித் தரையெல்லாம் ஓடின. அவன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். குனிந்தபடியே, "அன்னிக்குத் திரும்பிப் போலாம்னு சொன்னது யாரு? நானா?" என்றான்.

அது உண்மை. அன்று முன்னால் போகிறவனின் முதுகுகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. பிளந்து நின்ற ஒரு பெரிய பாறையருகே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்புவதற்கென்று போட்டு வைத்திருந்த நேரம் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் போய்ப் பாக்கலாம்க்கா, பக்கத்துலதான் இருக்கும்" என்று அவன் கெஞ்சினான். அவள் அவன் பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களைத் தாண்டிக் கடையை விட்டு வெளியே வந்தாள். அவன் சொன்னது உண்மை என்பதாலேயே கோபம் இன்னும் ஏறியது.

செயலாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். "இதெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க? அம்பதடி, நூறடி. விட்டுத்தள்ளுங்க. பேனர் வேற அடிச்சாச்சு."

"நான் பாத்தேன் சார். நான் அங்க போகல. பட்டியல்லேருந்து அதை அடிச்சுடுங்க."

"தம்பிக்கும் சேர்த்தா?"

ஒரு நொடிகூட அவள் தயங்கவில்லை. "அவனுக்கும் சேர்த்து."

அன்று சாயங்காலமே தம்பி மனைவி போன் செய்தாள். "என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? பசங்க பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. அவரு சாப்பிடாம உக்காந்திருக்காரு."

"பசிச்சா தானே சாப்பிடுவான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சொன்ன பிறகு உறுத்தியது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

பேனரோடு எல்லாரும் ஏறுவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள், இருபத்திரண்டாவதற்கு. வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. தம்பியின் பேச்சு இல்லாத பாதை நீளமாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஏற ஏற, அவனைத் திட்டுவதற்குப் புதிது புதிதாக வார்த்தை கிடைத்தது. பிளந்த பாறையை அடைந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். மேலே நடந்தாள். புல் சரிவு, ஒரு சின்ன வளைவு, சில கற்கள். அவ்வளவுதான். உச்சி.

பன்னிரண்டு நிமிடம்.

உட்கார்ந்துவிட்டாள். அன்று இன்னும் பன்னிரண்டு நிமிடம் நடந்திருந்தாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவள் போட்ட கணக்கில் அதற்கு இடம் இருந்தது. அழுகை வந்தது. அழுகிறோமே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"என் பேரையே அடிச்சாச்சுல்ல? இன்னும் என்ன?"

"பாறையிலேருந்து பன்னெண்டு நிமிஷம்டா. நீ சொன்னது சரி. பக்கத்துலதான் இருந்துச்சு. அன்னிக்கு நான் உன் பேச்சக் கேட்டிருக்கணும். அதுக்கு என்னை மன்னிச்சுக்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா கையெழுத்துக்கு நான் உன்னை மன்னிக்கல. இப்போதைக்கு முடியும்னும் தோணல."

அவன், "எந்த பஸ்ல போன?" என்றான்.

"நீயே தேடிக் கண்டுபிடி" என்று துண்டித்தாள்.

அவன் தேடினான். மூன்று வாரம் கழித்து, தப்பான பஸ்ஸில் ஏறி, தப்பான இடத்தில் இறங்கி, ஏழு கிலோமீட்டர் கூடுதலாக நடந்து, முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு ஏறிவிட்டு வந்தான் என்று தம்பி மனைவி சொன்னாள். அவள், "ம்" என்று மட்டும் சொன்னாள். முப்பத்தாறாவதையும் இருவரும் முடித்தார்கள், வேறு வேறு ஞாயிற்றுக்கிழமைகளில்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேரைச் சொல்லிப் பதக்கத்துக்குக் கூப்பிட்டபோது எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது தம்பிதான். அடுத்து அவன் பேர். அவன் எழுந்து, ஒரு காலைச் சற்றே இழுத்து இழுத்து மேடைக்கு நடந்தான். தட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, அதில் இல்லாத எதையோ, கை தட்டல் ஓயும்வரை தேடிக்கொண்டிருந்தாள்.