டிரில்லால் சுற்றிய எட்டு மாதங்கள்

என் வலது தோள் போய்விட்டது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம்கூட நானாகச் சொல்லவில்லை. அவராகவே கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நான் போட்ட கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "இனிமே பாரம் இழுக்கற வேலை, சுத்தற வேலை ரெண்டும் கூடவே கூடாது" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷமாக நான் செய்வதே அந்த இரண்டு வேலைதான்.

பாய்மரப் படகுகளுக்குக் கயிறும் கம்பியும் மாற்றிக் கொடுக்கிற பட்டறை எங்களுடையது. எங்களுடையது என்றால், முதலாளியுடையது. அங்கே நானும் என் தங்கை வீட்டுக்காரனும் ஒரு ஜோடி. அவன் பாய்மரத்தின் உச்சிக்குப் போய் விளக்கு, கம்பி, கப்பி எல்லாம் பழுது பார்ப்பான். நான் கீழே வின்ச்சைச் சுற்றி அவனை மேலே ஏற்றுவேன். வின்ச் என்பது படகின் தளத்தில் நிறுத்தி வைத்திருக்கிற எஃகு உருளை. கயிற்றை அதில் நாலு சுற்றுச் சுற்றி, அதன் தலையில் இருக்கிற குழியில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் கயிறு இழுபடும். மறுமுனையில் துணி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை பதினாறு மீட்டர் உயரம் போவான். வீட்டில் அவனுக்கு "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை". வேலையில் "டேய், காலை எடுடா". அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வீட்டில் "சொல்லுங்க மச்சான்" என்று குழைவான். உச்சிக்குப் போய்விட்டால் "என்ன மச்சான், கீழ தூங்கிட்டீங்களா?" என்று துறைமுகமே கேட்கும்படி கத்துவான்.

இந்த ஜோடியைச் சேர்த்து வைத்தவள் என் தங்கை. எங்கள் அப்பா கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து செத்தார். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கல்யாணம் பேச வந்த அன்றைக்கே எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள்: "அவர் மேல ஏறினா கீழ என் அண்ணன் இருக்கணும். வேற யாரும் சுத்தக் கூடாது." வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேச்சு மாறவில்லை. எனக்கு ஜுரம் என்றால் அன்றைக்கு அவனுக்கும் லீவு. முதலாளி தலையில் அடித்துக்கொள்வார், ஆனாலும் விட்டுவிடுவார்.

ஆக, தோளைப் பற்றி வெளியே சொன்னால் எனக்கு வேலை இல்லை. என் தங்கை விடமாட்டாள் என்பதால் அவனுக்கும் இல்லை. அதற்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது மட்டும் இல்லை. என்னால் முடியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்தத் திமிர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

டிரில் அப்படித்தான் வந்தது. சுவரில் ஓட்டை போடுகிற அதே பேட்டரி டிரில்தான். கைப்பிடி செருகும் குழிக்குள் உட்காருகிற மாதிரி தனியாக ஒரு பிட் விற்கிறார்கள். அதை மாட்டி விசையை அழுத்தினால் வின்ச் தானாகச் சுற்றும். வயதான படகுக்காரர்கள் பாயை ஏற்ற அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பாய்க்கு நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆளுக்கு அது ஆகாது. பிட் வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கையில் தொங்கும் ஒரு மனிதனின் படம் போட்டு, மேலே சிவப்பில் பெருக்கல் குறி அடித்திருந்தது. நான் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

ஏன் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன். கையால் சுற்றும்போது மேலே ஏதாவது மாட்டினால் கைப்பிடி இறுகும், உடனே நிறுத்திவிடலாம். டிரில்லுக்கு எதுவும் தெரியாது, இழுத்துக்கொண்டே போகும். பாரம் கூடினால் வழுக்கிவிட அதன் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கிறது. மாப்பிள்ளையின் எடைக்கே அது வழுக்கியது. அதனால் வளையத்தைக் கடைசி எண்ணையும் தாண்டி, கான்கிரீட்டில் ஓட்டை போடும் குறிக்குத் திருப்பி வைத்தேன். டிரில் கையை முறுக்கும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். எனக்கு ஒரு கைதான் இருந்தது. எனவே அதன் பிடிக்கும் கேபின் சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். விசையை அழுத்திப் பிடித்தால் தோள்வரை வலித்தது. அதனால் விசை அழுந்தியே இருக்கும்படி அதன்மேல் ஒட்டுப்பட்டை ஒன்றை இறுக்கிச் சுற்றினேன். உச்சிக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது பட்டையைப் பிய்த்து டிரில்லை எடுத்துவிட்டு, கைப்பிடியைப் போட்டு இடது கையால் மெல்லச் சுற்றுவேன். எட்டு மாதம் இப்படியே ஓடியது. முன்பு ஒரு பாய்மரம் முடிக்கிற நேரத்தில் இரண்டு முடித்தோம். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

தங்கையிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அண்ணன் கீழே இருக்கிறான் என்றால் கையால்தான் சுற்றுவான் என்பது அவளுக்கு நிச்சயம்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். காற்று அதிகமில்லை. மாப்பிள்ளை உச்சி விளக்கை மாற்றப் போனான். உச்சிக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும்போது முதலாளி ஒரு வாடிக்கையாளரோடு, படகு கட்டியிருந்த மரப்பாலத்தில் வந்து நின்றார். கேபின் மறைத்ததால் அவருக்கு வின்ச் தெரியாது, என் தலையும் தோளும்தான் தெரியும்.

"என்னய்யா, உனக்குத் தோள் சரியில்லைன்னு சொல்றாங்களே? டாக்டர்கிட்ட போனியாமே?"

எவனோ வத்தி வைத்திருக்கிறான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எவன் சொன்னான் உங்களுக்கு? பாருங்க, நல்லா பாருங்க!" என்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். டிரில் பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஏதாவது ஒரு படகில் டிரில் சத்தம் எப்போதும் உண்டு, முதலாளி அதைக் கண்டுகொள்ளவில்லை.

அப்போது மேலேயிருந்து "நிறுத்துங்க!" என்று குரல் வந்தது.

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் கை மேலே நிற்கிறது, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டென்று இறக்கினால் வலியில் முகம் கோணிவிடும். ஒரு விநாடிதானே என்று நினைத்தேன். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கையை இறக்கினேன்.

அடுத்து வந்தது வெறும் அலறல். குனிந்து பட்டையைப் பிய்த்தேன், வரவில்லை. பேட்டரியையே பிடுங்கி எறிந்தேன். மேலே அவன் பாதுகாப்புக் கயிற்றை மாற்றிக் கட்டக் கையை நீட்டியிருக்கிறான். இருக்கையின் கொக்கி அந்தக் கையைக் கொண்டுபோய்க் கப்பியில் வைத்து அழுத்திவிட்டது. கயிற்றைத் தளர்த்தி அவனை இறக்குவதற்குள் பாய்மரத்தின் பாதிவரை ரத்தம் வழிந்திருந்தது. அவன் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

முதலாளி ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? மரக்கட்டையைக் காலால் தண்ணீரில் தள்ளினேன். டிரில்லையும் பட்டையையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

ஆஸ்பத்திரியில் என் தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இருந்ததாலதான் உசுரோட இறக்கினே அண்ணா. வேற எவனா இருந்தாலும் கயித்தை விட்டிருப்பான்."

பன்னிரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் தாள் மேல் விழுந்தது. முதலாளி கொடுத்தனுப்பிய விபத்து அறிக்கை அது. மாப்பிள்ளையால் எழுத முடியாது. கட்டுப் போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு அவன் சொல்லச் சொல்லத் தங்கை எழுதினாள்.

"கையை வைக்கக் கூடாத இடத்துல வெச்சேன். என் கவனக்குறைவுதான். அப்படியே எழுதும்மா."

எழுதி முடித்துத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். "சாட்சின்னு இருக்கு பாரு, அங்க கையெழுத்துப் போடு அண்ணா."

பேனாவை எடுத்தேன். என் பெயரின் முதல் எழுத்தைக்கூடப் போட முடியவில்லை. "இது பொய்ம்மா" என்றேன். தோள், டிரில், கட்டை, பட்டை எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டையைத் தண்ணீரில் தள்ளியதையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, மேசையைப் பார்த்தே சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "நீங்க ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"மேலருந்து பார்த்தா எல்லாம் தெரியும்" என்றான். "மொத நாளே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு ஏறினீங்களா?"

"சொன்னா மச்சான் வேலை போயிடும். அவர் மனசு தாங்காது, உனக்குத் தெரியாதா?" அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "என்ன வெச்சு சுத்தினா என்ன, கத்தினா நிறுத்திடுவார். அந்த ஒண்ணை நம்பித்தான் ஏறினேன். அன்னிக்கு டிரில் சத்தத்துல அவருக்குக் கேட்கலை. அதுக்கு அவர் என்ன பண்ணுவார் பாவம்?"

அவன் மன்னித்துவிட்டான். கேட்காமலே மன்னித்துவிட்டான். நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருந்தால் போதும்.

தங்கை என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். "எட்டு மாசம். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்க. நான் இங்க நிம்மதியா இருந்திருக்கேன்" என்றாள். எழுதிய தாளைக் கிழித்தாள். புதுத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து எழுதினாள். தோளை எழுதினாள், வளையத்தை எழுதினாள், பட்டையை எழுதினாள். நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். கத்திய இடம் வந்ததும் பேனா நின்றது.

"அவர் கத்தினது உனக்குக் கேட்கலைன்னு எழுதட்டுமா?"

"எழுதும்மா, எழுது" என்றான் மாப்பிள்ளை.

"நான் அண்ணனைக் கேட்டேன்."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுச்சு" என்றேன்.

"என்னது?"

"மொத தடவை கத்தினதே கேட்டுச்சு. முதலாளி பார்த்துட்டிருந்தார். அதான்."

மாப்பிள்ளை திட்டுவான் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. கட்டுப் போட்ட கையைத் தலையணையிலிருந்து தூக்கி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே, என் கண்ணில் படாத இடத்தில், மடியில் வைத்துக்கொண்டான். தங்கை தலையைக் குனிந்து அதையும் எழுதினாள்.