டீ-ஷர்ட்டில் இருந்த தெரு

அப்பாவுக்குப் பிடித்த ராக் இசைக்குழு எந்த ஊரில் படியேறி நின்றால் எனக்கென்ன என்று இருந்தவள் நான். அவர்கள் போடும் சத்தத்தில் எனக்கு மண்டை இடிக்கும். ஆனால் கடைத்தெருவில் ஒருநாள் மயங்கி விழுந்ததிலிருந்து வாசலைத் தாண்டாத மனிதர், முடி வெட்டக்கூட ஆளை வீட்டுக்கே வரவழைத்தவர், "அந்தப் படிக்கட்டை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்மா" என்றபோது, அவர் மனம் மாறுவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன். தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியாயிற்று. உடம்பு கேட்டது, மனசுதான் கேட்கவில்லை.

படிக்கட்டு அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு அட்டையில் இருக்கிறது. சரிவான தெரு, நடுவில் முக்கோணமாக ஒரு கட்டடம், அதன் இரண்டு பக்கமும் மேலே ஏறும் படிகள். ஒரு பக்கத்துப் படியில் நான்கு பேரும் நமக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அட்டையில் ஒரு எழுத்துகூடக் கிடையாது, அவ்வளவு திமிர். இதைப் பார்க்கவென்றே உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். "வேலை வெட்டி இல்லாதவங்க" என்று சொல்லிக்கொண்டே நானும் மூட்டை கட்டினேன்.

நானும் என் வீட்டுக்காரரும் டீ-ஷர்ட்டில் படம் அச்சடித்துத் தரும் கடை வைத்திருக்கிறோம். அந்த அட்டைப் படத்தை எனக்கு ஒன்று அடித்துக்கொண்டேன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு அட்டை மனப்பாடம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "கூட்டத்துல பிரிஞ்சுட்டா, அவங்க நின்ன படியில போய் நில்லுங்க. நானும் அங்கதான் வருவேன்" என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த ரயில் நிலையத்து வாசலிலேயே பிரிந்துவிட்டோம். ரசிகர் கூட்டம் ஒன்று எங்கள் நடுவே புகுந்து போனது, திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை. போன் செய்தேன். அது அறையில் சார்ஜில் கிடந்தது.

டீ-ஷர்ட்டைக் குனிந்து பார்த்தேன். கட்டடத்துக்கு வலது பக்கம். ஓடிப்போய் வலது பக்கப் படியில் நின்றேன். ஈ காக்கை இல்லை. உலகமே வருகிறது என்றார்களே, எங்கே என்று எரிச்சலாக வந்தது. நேரம் ஆக ஆக எரிச்சல் போய், தெருமுனையை எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கே விழுந்து கிடக்கிறாரோ? விழாவிட்டாலும் இனி என்ன, இந்த ஒருநாள் போதும், மறுபடி வாசலை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆசைப்பட்டு வெளியே வந்தவரை நானே கொண்டுவந்து தொலைத்துவிட்டேன்.

அழுகையை அடக்கிக்கொண்டு அங்கிருந்த கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் என் டீ-ஷர்ட் தெரிந்தது. அதில் நான்கு பேரும் இடது பக்கம் நின்றார்கள், வீட்டில் இருக்கும் அப்பாவின் அட்டையில் நிற்பது மாதிரியே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தை இடவலம் மாற்றிப் பேப்பரில் எடுத்தால்தான் துணியில் அழுத்தும்போது நேராக விழும். என் வீட்டுக்காரர் ஒரு தடவை மாற்றியிருக்கிறார். அவர் மறந்திருப்பார் என்று, அவரை நம்பாமல், நானும் ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து, துணியில் படம் இடவலம் மாறி விழுந்திருக்கிறது. எழுத்து இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அதே கண்ணாடியில், எனக்குப் பின்னால், அப்பா சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திவிட்டு, தனியாக, வேகு வேகென்று.

"எங்கப்பா போனீங்க? போன் எதுக்கு, சார்ஜ் போட்டு அழகு பார்க்கவா?"

"நான் அந்தப் பக்கம் சரியாத்தான் நின்னேன். ரொம்ப நேரமா ஆளைக் காணோம். அப்புறம்தான் உன் சட்டை ஞாபகம் வந்துச்சு. சரி, நீ இங்கதான் நிப்பேன்னு வந்தேன்."

"படம் மாறியிருக்குன்னு தெரியுமா?"

"காலையிலேயே தெரியும். சொன்னா மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கத்துவே. பாவம் அவர்."

வயிற்றில் பாலை வார்த்தது மாதிரி இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

"அப்பா, தனியாவா ரோட்டைத் தாண்டி வந்தீங்க?"

அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"உன்னைத் தேடுற அவசரத்துல," என்றார், "விழுந்துடுவேன்னு பயப்பட மறந்துட்டேம்மா."

பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களோட ரெண்டாவது அட்டையில ஒரு பாலம் இருக்கும்" என்று ஆரம்பித்தார்.

"எந்த ஊர்ல?" என்று கேட்டேன்.