சொல்லிவிட்டு வந்த தீவு

காசு கொடுத்து மறியலுக்கு, அதுதான் சிறைக்கு, போகிற ஆளை நீங்கள் கண்டதுண்டா? நான் கட்டியே இருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் யோகேஸ்வரன் ஹோம்புஷ் பயண முகவர் கடையிலிருந்து ஒரு பளபளப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிட்னியில் புறப்பட்டு பசுபிக் தீவுகளைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பலாம். நீச்சல் குளம், நடனம், விடிந்தால் பொழுதுபட்டால் சாப்பாடு. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இந்த மனிதர் என்னைக் கூட்டிக்கொண்டு போன ஆகத் தூரமான இடம் கான்பெரா. பிறகுதான் கடைசிப் பக்கத்தில் அவர் பேனையால் சுழித்திருந்த பெயரைப் பார்த்தேன். நவுறு.

"இனி அங்கை கப்பல் போகுதாம்," என்றார்.

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. இரண்டாயிரத்து ஏழில் இவர் அகதியாக மரப் படகில் வந்தபோது, இந்த நாட்டுக் கரையில் கால் வைக்க விடாமல் கொண்டுபோய் அடைத்து வைத்தது அந்தத் தீவில்தான். ஒரு வருசத்துக்குக் கிட்ட முகாமில் இருந்தார். பிறகு விசா கொடுத்து சிட்னிக்கு அனுப்பினார்கள். அவரைக் கட்டி நான் வந்தது அதற்குப் பிறகு. நான் பிளேனில், ஜன்னலோரம் இருந்து, தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டு வந்தவள். அந்த நவுறுவும் ஒரு நாடுதான். ஆனால் வெளியாட்கள் லேசில் போய் இறங்க முடியாத நாடு. ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டை இப்போது திறந்து, வந்து பாருங்கோ என்கிறார்களாம்.

"உங்களுக்கு விசரே?" என்றேன். "பிஜிக்குப் போவம். எல்லாரும் போயினம்."

"நவுறுவுக்குத்தான்."

"அப்பிடியெண்டால் பிளேன் இல்லையோ?"

"அந்த விசா குதிரைக் கொம்பு. கப்பலில போறவையை ஒரு பகல் இறங்க விடுகினமாம்."

சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வராது என்பார்கள். இந்தப் பூனை அடுப்புக்கு முற்பணம் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு நின்றது. எங்கள் மகள் ராகவி ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தி, "அப்பா, தட்ஸ் சோ வியர்ட்," என்றாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் போடுகிற ஆம்பிளையோடு குடும்பம் நடத்தலாம். இவர் சத்தம் போடமாட்டார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது இவரைப் போன்றவர்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இந்த மனிதர் சிட்னிக்கு வந்த நாளிலிருந்து எந்தப் படகிலும் ஏறியதில்லை. ராகவியின் வகுப்புப் பிள்ளைகள் மிருகக்காட்சிச் சாலைக்கு ஃபெரியில் போனபோது, துணைக்குப் போன இவர் மட்டும் பஸ் பிடித்துச் சுற்றிப் போய்ச் சேர்ந்தவர். சேர்குலர் கீ ஃபெரித் துறையில் நின்றால் தண்ணீர்ப் பக்கம் திரும்பமாட்டார்.

"கப்பல் கிடக்கட்டும்," என்றேன். "முதலில மான்லி ஃபெரியில ஏறிக் காட்டுங்கோ பாப்பம்."

"சரி," என்றார்.

அடுத்த ஞாயிறு காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். எடுத்த எடுப்பில் மான்லி வேண்டாம், ஆற்றில் தொடங்குவோம் என்று ஒலிம்பிக் பார்க் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரமட்டா ஆறு அன்றைக்குப் பீங்கானில் ஊற்றிய ரசம் மாதிரி அசையாமல் கிடந்தது. முதல் ஃபெரி வந்தது, போனது. அடுத்ததும் போனது. இவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வீட்டுக்குத் திரும்பி வந்து, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். சரி, இதோடு அடங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

மறு ஞாயிறு ஏறினார். முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு சேர்குலர் கீ வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பிளாக்டவுனில் கிழமை முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் களைத்த மனிதர், ஞாயிறு வந்தால் நேர்த்திக்கடன் மாதிரி வெளிக்கிட்டார். நான் கைப்பையில் குமட்டலுக்குத் தேசிக்காயும் சத்தி எடுக்கப் பிளாஸ்ரிக் பையும் கொண்டு பின்னால் போனேன். என் சிநேகிதிகளின் கணவர்மார் ஞாயிறில் கார் கழுவுகிறார்கள்.

மான்லிக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் துறைமுகம் திறந்து பெருங்கடல் தெரியும். அங்கே அலை ஃபெரியைத் தூக்கிப் போடும். முதல் தடவை அந்த இடத்தில் இவர் சத்தி எடுத்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் தண்ணீர்ப் போத்தல் நீட்டினாள். எனக்கு வெட்கமும் கோபமும். மான்லியில் இறங்கி, கடற்கரை மர வாங்கில் அவரை இருத்தி, சிப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, என்னத்துக்கு இந்தப் பாடு? அங்கை என்ன பொன்னோ புதைச்சு வைச்சிருக்கிறியள்?"

அவர் ஒரு சிப்ஸை எடுத்துக் கடற்புறாவுக்குப் போட்டார். "இரஞ்சி, செத்தவீட்டுக்குப் போனால் சொல்லிக்கொண்டு வாறனாங்களோ?"

"இல்லை. ஆர் சொல்லுறது?"

இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்போம். போறன் என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால் செத்தவீட்டிலும் ஆசுபத்திரியிலும் அதைச் சொல்லக் கூடாது. சத்தம் போடாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். சொன்னால் திரும்பவும் அங்கே போக வரும்.

"மறியலிலயும் அப்பிடித்தானே," என்றார். "எங்களை விட்ட அண்டைக்கு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில ஏறிச்சினம். நான் கடைசி ஆள். கேற்றில ஒரு காவலாளி நிண்டவன், அந்தத் தீவு ஆள், நல்ல மனுசன். அவனைப் பாத்து என்ர வாய் தானாச் சொல்லிப்போட்டுது. போட்டு வாறன் எண்டு. அதை இங்கிலீஷிலயும் சொன்னனான். அவன் சிரிச்சுப்போட்டு, வராதை, இனி வரவே வராதை எண்டான். பஸ்ஸுக்குள்ள எங்கட பெடியள் என்னைத் தின்னாத குறை."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். பிறகு அவருடைய நித்திரை நினைவுக்கு வந்தது. இத்தனை வருசமாக இந்த மனிதர் நித்திரையில் கத்துகிறார். கேற்றைத் திறவுங்கோ, கேற்றைத் திறவுங்கோ என்று கத்துகிறார். நான் எழுப்பித் தண்ணீர் கொடுப்பேன். டொக்டர் தந்த குளிசையும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

"சொல்லிப்போட்டு வந்தனான். அதுதான் ஒவ்வொரு நித்திரையிலயும் திரும்பிப் போறன்," என்றார். "ஒருக்கா மெய்யாய்ப் போக வேணும். என்ர காலால இறங்கி, அந்தக் கேற்றடிக்குப் போட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் திரும்பி வர வேணும். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருசம் பக்கத்தில் படுத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்தாரே என்று கோபமும் வந்தது. இரண்டையும் காட்டாமல் மிச்ச சிப்ஸைச் சாப்பிட்டு முடித்தேன்.

அதற்குப் பிறகு மான்லி அவருக்குப் பழகிவிட்டது. ஒருநாள் அலை தூக்கும் இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். இன்னொரு நாள் வெளித்தட்டில் எழுந்து நின்றார். அன்றைக்கே முற்பணம் கட்டலாம் என்று இருவருமாக ஹோம்புஷுக்குப் போனோம்.

பயணக் கடையை நடத்துவது பார்கவி, கோயம்புத்தூர்ப் பிள்ளை. எங்கள் முகத்தைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டாள்.

"ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன் சார்," என்றாள். "நவுறுல இவ்ளோ பெரிய கப்பல் கரைக்கு வராது. கடல்லயே நிறுத்திட்டு, சின்ன சின்ன போட்ல ஆளுங்கள இறக்குவாங்க. லைஃப் ஜாக்கெட் எல்லாம் குடுப்பாங்க. சேஃப்தான்."

கணினியைத் திருப்பி ஒரு படம் காட்டினாள். திறந்த படகு, அதில் தோளோடு தோள் நெருங்கியபடி செம்மஞ்சள் அங்கி போட்ட மனிதர்கள். அவள் உல்லாசப் பயணிகளைத்தான் காட்டினாள். இவர் என்னத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். முகம் சாம்பலாகிவிட்டது. "யோசிச்சுச் சொல்லுறம், பிள்ளை," என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பளபளப்புப் புத்தகத்தை எடுத்து மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார்.

"விடும் இரஞ்சி. ஏலாது. அந்தக் கடைசித் துண்டுக் கடல் ஏலாது."

நான் முதல் நாளிலிருந்து கேட்டது இதைத்தான். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. நேரே போய்த் தொட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருந்த தயிரைத் துடைத்து, பழையபடி மேசையில் வைத்தேன்.

"இத்தனை ஞாயிறு என்னைச் சத்திப் பையோட அலைய வைச்சுப்போட்டு, இப்ப ஏலாதாம்," என்றேன். "வாற ஞாயிறு வெளிக்கிடுங்கோ. இந்த முறை நான்தான் படகு பாக்கிறன்."

ஹோக்ஸ்பெரி ஆற்றங்கரையில் சின்ன அலுமினியப் படகுகள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். லைசென்ஸ் தேவையில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் எடுத்தால் இறங்குகிற இடத்திலேயே ஆறு. படகுக்காரர் தொப்பி போட்ட, வண்டி வயிறு வைத்த வெள்ளைக்காரர். செம்மஞ்சள் அங்கி இரண்டை எடுத்துத் தந்தார். எஞ்சின் கயிற்றை இழுத்தார். அது இருமி, புகை கக்கி, படபடவென்று பிடித்தது. பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது.

இவர் பலகைத் தளத்தில் நட்ட மரமாக நின்றார். அங்கியைக் கையில் பிடித்திருந்தாரே தவிர போடவில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. வீட்டுக் குளியல் தொட்டியைத் தவிர எந்தத் தண்ணீரிலும் நான் இருந்ததில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். முருகா என்று காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். படகு ஒரு பக்கம் சரிந்தது, என் உயிர் மறுபக்கம் போனது. தடாலென்று பலகையில் இருந்துவிட்டேன்.

"வாறியளோ, இல்லை நான் தனியப் போகட்டோ?" என்றேன். "எனக்கு இதை ஓட்டத் தெரியாது. கடலுக்குள்ள போட்டுதெண்டால் ராகவிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். அங்கியைப் போட்டார். இறங்கி எனக்கு எதிரே இருந்தார். படகுக்காரர் எஞ்சின் பிடியை அவர் கையில் கொடுத்து, இப்படித் திருப்பினால் அந்தப் பக்கம் போகும் என்று காட்டிவிட்டுத் தள்ளிவிட்டார்.

கொஞ்ச நேரம் அவர் மூச்சு எனக்குக் கேட்டது, அந்த எஞ்சின் சத்தத்திலும். என் முழங்காலை ஒரு கையால் பிடித்திருந்தார். இன்றைக்கும் அந்த இடம் கன்றியிருக்கிறது. பிறகு பிடியை மெல்லத் திருப்பினார். படகு திரும்பியது. மற்றப் பக்கம் திருப்பினார். அதுவும் திரும்பியது. அந்தப் பழைய படகில் இவரைச் சாமானோடு சாமானாக ஏற்றி வந்தார்கள். எங்கே போகிறதென்று கேட்க உரிமையில்லை. இதில் இவர் சொன்ன பக்கம் போனது. பாலத்துக்குக் கீழே போய், ஒரு சின்னத் தீவைச் சுற்றிக்கொண்டு, அவராகவே கரைக்குக் கொண்டுவந்து விட்டார். முழங்காலிலிருந்து எப்போது கையை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

படகுக்காரர் கயிற்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, "சீ யூ நெக்ஸ்ட் டைம், மேட்," என்று கையைக் காட்டினார்.

இந்த மனிதர் பஸ் சாரதிக்கும் பல் டொக்டருக்கும்கூடச் சொல்லிக்கொண்டு வருகிறவர். வாய் திறந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்த வாயை மூடினார். ஒரு சொல் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், மேட்டில் ஏறி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். படகுக்காரர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். நானும் ஒன்றும் சொல்லாமல் பின்னால் நடந்தேன்.

ரயிலில் ஏறியதும் பார்கவிக்கு ஃபோன் எடுத்தேன்.

"ரெண்டு பேர் எண்டு போடுங்கோ, பிள்ளை."

"அந்தச் சின்ன போட் ஓகேவா அக்கா? சார் அன்னிக்கு ரொம்ப பயந்துட்டாரே."

"பயம்தான். ரெண்டு பேருக்கும் பயம்தான். நீங்கள் போடுங்கோ."

"சரிக்கா. நல்லபடியா போயிட்டு வாங்க."

"ஓம், போட்டு வாறம்," என்றேன். "உங்களுக்குச் சொல்லலாம்."

திரும்பி அவரைப் பார்த்தேன். ஜன்னலில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். எழுப்ப வேண்டிவரும் என்று நான் தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் வந்து சேரும் வரைக்கும் அவர் ஒரு தரமும் கத்தவில்லை.