தலைக்குப் பின்னால் குக்கர்

போட்டோ எடுத்துப் பிழைக்கலாம் என்று கிளம்பியவளுக்கு இருந்த ஒரே தலைவலி அவளுடைய அறைதான். நாத்தனார் தன் வீட்டில் ஒதுக்கிக் கொடுத்த அறை, ஆறடிகூடத் தேறாது. ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால், சுவரோடு கட்டிய பாத்திர அலமாரி முதுகை இடிக்கும். திரை கட்டிப் பார்த்தாள். ஆளின் நிழல் அதில் அப்பிக்கொண்டது. போன வாரம் வேலைக்கு மனுப்போடப் படம் எடுத்துப் போன பெண், "என் தலையில குக்கர் முளைச்சிருக்கே!" என்று திரும்பி வந்து சண்டை போட்டுவிட்டாள்.

"அண்ணி, புது லென்ஸும் சொதப்புச்சுன்னா ரூமை வாடகைக்கு விட்டுடுவேன். கேட்டு ஆள் காத்திருக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் நாத்தனார் கேமராக் கடைக்கே கூட வந்தாள்.

கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். பெரியதை மாட்டி, கடையின் அந்தக் கோடியில் தொங்கிய விளக்குச் சரத்தின் பக்கம் கேமராவைத் திருப்பினார். அடேயப்பா! விளக்கெல்லாம் வட்ட வட்டமாக உருகி மிதந்தன. சின்ன லென்ஸில் அதே விளக்குகள் சப்பென்று இருந்தன.

"பெருசையே எடுங்கம்மா. பின்னாடி இருக்கறதெல்லாம் காணாமப் போயிடும்."

சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவளுடைய அலமாரி என்ன அவ்வளவு தூரத்திலா இருக்கிறது? அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ராக்கின் முன்னால் நாத்தனாரை இழுத்து உட்காரவைத்தாள்.

"முதுகு ராக்குல படணும்."

"ஐயோ, நானா? என் மூஞ்சிக்கும் கேமராவுக்கும் ஆகாது அண்ணி!"

"வாயை மூடிக்கிட்டுச் சிரி."

"ரெண்டையும் எப்படி ஒண்ணாச் செய்யறது?" என்று கேட்டபடியே அவள் சிரித்துவிட்டாள்.

பெரிய லென்ஸில் பெட்டிகளின் விளிம்பு ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாகி, பேய் பிடித்த மாதிரி ஆடியது. முகத்தைப் பார்க்க விட்டால்தானே! சின்னதை மாட்டினாள். பெட்டிகள் காணாமல் போகவில்லை. ஆனால் கோடுகள் கரைந்து, நிறம் நிறத்தோடு கலந்து, சாதுவாக ஒதுங்கிக்கொண்டன. முகம் மட்டும் முன்னால் வந்தது. அதுதான் வேண்டும் என்றாள்.

"இத்தனை நாளா அந்தச் சரத்தைக் காட்டியே வித்துட்டேன் போங்க," என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

நாத்தனார் கேமராவை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் இவ்வளவு நல்லாவா இருக்கேன்?" என்று மெதுவாகக் கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் போனை எடுத்து, அறை கேட்டிருந்த ஆளை அழைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க, அந்த ரூம் காலி இல்ல. அங்க எங்க அண்ணி ஸ்டூடியோ நடத்துறாங்க."