பேமிட்டில் இருக்கும் பெயர்

2024 ஓகஸ்ட் 14, புதன்

நேற்றைய பதிவில் ஒரு பிழை. அப்பா தேயிலைத் தோட்டத்தில் கலவரக்காரரிடம் அடிபட்டு நெடுங்கேணிக்கு வந்தது 1978 என்று எழுதியிருக்கிறேன். 1977 மார்கழி என்பதுதான் சரி. திருத்திவிட்டேன்.

இன்று எழுத வேண்டியது அதைவிடப் பெரிய பிழை. நடந்த ஒழுங்கிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

செவ்வாய், சனி மாலைகளில் வாசிகசாலையில் அரசியல் பொருளாதார வகுப்பு. நிரஞ்சன் சேர் எடுக்கிறார். பன்னிரண்டு பேர் போகிறோம். நாணய நிதியம் கடன் கொடுத்தால் எங்கள் வீட்டு மின்கட்டணம் ஏன் ஏறுகிறது, லண்டனில் தேயிலை விலை இறங்கினால் மஸ்கெலியாவில் யாருடைய அரிசி குறைந்தது என்றெல்லாம் அவர் கேட்பார். அப்படிக் கேட்ட பிறகு, பகலில் தையல் ஆலையில் நான் மடித்து அடுக்கும் சட்டைகள்கூட வேறு மாதிரித் தெரியும்.

மூன்று கிழமைக்கு முன் சேர் ஒரு கட்டுரை கேட்டார். "உங்கட குடும்ப வரலாறை வர்க்கக் கண்ணால எழுதிக்கொண்டு வாங்கோ. ஆர் உழைச்சது, ஆர் எடுத்தது? மொட்டையா எழுதாதேங்கோ. பேரோட எழுதுங்கோ."

ஏழு பக்கம் எழுதினேன். முதல் ஆறு பக்கங்கள் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தோட்டத்துக்கு ஆள் கட்டிக் கொண்டுவந்தது, 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தது, இலங்கையும் இந்தியாவும் இருந்து பேசி ஆட்களைத் தலைக்கணக்கில் பிரித்துக்கொண்டது, பெரியப்பாவை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. ஏழாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

"என் தகப்பன் பழனியாண்டி காடு வெட்டி ஆக்கிய இரண்டு ஏக்கருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய அப்புத்துரை தன் பெயரில் பேமிட் எடுத்தார். அப்பாவின் உபரி உழைப்பு அவரிடம் போய்ச் சேர்ந்தது."

பேமிட், அதாவது அரசாங்கக் காணி அனுமதிப்பத்திரம், இன்றைக்கும் அப்புத்துரையின் பெயரில்தான் இருக்கிறது. அது எப்படி அவர் பெயருக்குப் போனது என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. சேர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வகுப்பின் வட்சப் குழுவில் போட்டு, "இதுதான் எழுத்து" என்றார். அன்று பதினொரு தரம் திறந்து பார்த்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பிரதேச செயலகத்தில் காணிக்கான நடமாடும் சேவை. அப்புத்துரை இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் இருவரும் ஆட்சேபனை இல்லையென்று கடிதம் கொடுத்தால் காணியை, பிரஜாவுரிமை பிந்திக் கிடைத்த அப்பாவின் பெயருக்கு இப்போது மாற்றலாம். மகள் விமலேஸ்வரி அன்ரி ஒட்டுசுட்டானில் இருக்கிறா. மகன் பரமேஸ்வரன் கனடாவில். இருவரும் ஆனியிலேயே ஓம் என்றிருந்தார்கள். கனடாக் கடிதம் மட்டும் வந்து சேரவில்லை. அதைக் கேட்கத்தான் இன்று வேலை முடிய பஸ் எடுத்து ஒட்டுசுட்டானுக்குப் போனேன்.

அன்ரி முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"வாரும் தோழர். கதிரையில இருமன். அதுவும் சுரண்டி வாங்கினதுதான்."

நான் நின்றேன். "அன்ரி, கனடாக் கடிதம்..."

"அது வராது. நீர் எழுதினது அங்க போயிட்டுது. ஆர் அனுப்பினதெண்டு தெரியேல்ல. அண்ணன் போனில வாசிச்சுக் காட்டினவர். உபரி உழைப்பெண்டால் என்னடியெண்டு என்னைக் கேக்கிறார். அது நெல்லோ உழுந்தோ, எனக்கென்ன தெரியும்?"

சிரித்தா. பிறகு கச்சான் சுளகைத் தள்ளி வைத்தா.

"எண்பத்தொண்டில காணி பிரிச்சுக் குடுக்கக் காணிக் கச்சேரி வந்தது. உம்மட அப்பாதான் வீட்ட வந்து கேட்டவர், எனக்குப் பிரஜாவுரிமை இல்லை ஐயா, உங்கட பேரில போடுங்கோ எண்டு. ஆளுக்கு ஒரு பேமிட்தான். எங்கட அப்பா குளத்துக்குக் கீழ தனக்கு விழவேண்டிய வயலை விட்டிட்டு அந்தக் காட்டுக் காணிக்குப் பேர் குடுத்தவர். அம்மா சாகுமட்டும் அதைச் சொல்லித்தான் அவரோட சண்டை."

"எனக்குத் தெரியாது அன்ரி."

"அவர் புண்ணியவானெண்டு சொல்ல வரேல்ல. முதல் மூண்டு போகம் பங்கு எடுத்தவர். அதையும் எழுதும், நான் ஏன் மறைப்பான்? ஆனா பிள்ளை, உம்மட அப்பா உயிரோட வீட்டில இருக்கிறார். ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ?"

பாடத்துக்கு ஒரு நிலக்கிழார் தேவைப்பட்டார். அவரை நான் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் உண்மை.

"நான் சைன் வைப்பன்," என்றா அன்ரி. "அண்ணன் மாட்டாராம். கள்ளரிட்டப் போய் ஏன் கையெழுத்துக் கேக்கினம் எண்டிட்டுப் போனை வைச்சிட்டார். தனிய என்ர கையெழுத்தால ஒண்டும் நடவாது."

பஸ் தரிப்பிடத்திலிருந்து கனடாவுக்குப் போன் எடுத்தேன். "நான் பழனியாண்டியின்ர மகள் பிரேமிளா" என்றதும் கட் பண்ணிவிட்டார். குரல் பதிவில் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். கேட்டிருக்கிறார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

பிறகு சேருக்கு எடுத்தேன். "தனி மனுசரில பிழையில்லை பிள்ளை. அமைப்புத்தான் பிழை. உம்மட கட்டுரை சரி."

"பேரோட எழுதச் சொன்னது நீங்கள்தானே சேர்?"

படத்தை அழித்துவிடுவதாகச் சொன்னார்.

அமைப்பு என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஓர் ஆளுக்கு நாடே இல்லையென்று சொன்ன சட்டத்தால்தான் அப்பா இன்னொருவரின் பெயருக்குள் ஒதுங்க வேண்டி வந்தது. ஏழாம் பக்கத்தில் அந்தச் சட்டத்தை எழுதியிருக்க வேண்டும். நான் ஆளை எழுதினேன். சட்டத்துக்குக் கோபம் வராது. கையெழுத்துப் போட வேண்டிய மனிதனுக்கு வரும்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா அடையாள அட்டைப் பிரதிகளை ஒரு பொலித்தீன் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். சலூனுக்குப் போய்த் தலைமயிரும் வெட்டியிருந்தார். அம்மா அவரைச் சுற்றி வந்து பார்த்து, "மாப்பிள்ள கெணக்கா இருக்கு" என்று சிரித்தா.

"பிரேமி, வெள்ளிக்கெழம எத்தன மணிக்குப் போவணும்?" என்றார் அப்பா. "நீ பக்கத்துல இரு. ஒங்க வகுப்புல படிச்சத அந்த ஆபீசருங்ககிட்டயும் ரெண்டு வார்த்த பேசு. நாப்பத்தேழு வருசம். சும்மாவா?"

ஒன்பது மணிக்கு என்றேன்.

நாளை வியாழன். ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். அப்பா மிளகாய்க்குத் தண்ணீர் விடப் போகமுன், வெள்ளிக்கிழமை போக வேண்டியதில்லை என்பதையும், அது யாரால் என்பதையும் சொல்ல வேண்டும்.